அளவறிந்து நிறையும் நீர்

சில ஏரிகள் நெருப்பில் பிறந்தவை. ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமாத்திராவில் ஒரு பெரும் எரிமலை வெடித்து, வெறுமையாகிப் போன தன் வயிற்றுக்குள் தானே சரிந்து விழுந்தது. அந்தப் பள்ளத்தில் இன்று தோபா ஏரி நூறு கிலோமீற்றர் நீளத்துக்கு விரிந்து கிடக்கிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஏறக்குறைய 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா என்னும் மலை தன் முடியை இழந்தது. முடி இருந்த இடத்தில் இப்போது 594 மீற்றர் ஆழத்துக்கு நீலநீர் நிற்கிறது. அந்தக் கரைகளில் நிற்கவும், மலைப்பாதைகளில் நடக்கவும் உலகெங்கிலுமிருந்து மக்கள் போகிறார்கள். நாமும் படங்களில் அவற்றைக் கண்டு, இப்படியொன்று நம் ஊர்ப்பக்கத்தில் இல்லையே என்று ஏங்கிக்கொள்கிறோம்.

அந்த ஒரிகன் ஏரியை இன்னும் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். அதற்குள் பாயும் பேராறு எதுவுமில்லை. அதிலிருந்து வெளியேறும் ஆறும் இல்லை. குழியைத் தோண்டியது நெருப்பு. நிரப்பியதோ மழையும் பனியும், துளித்துளியாக, நூற்றாண்டுக் கணக்கில். வெயில் குடிப்பதும் பாறை உறிஞ்சுவதும் வானம் தருவதும் ஒன்றுக்கொன்று சரியாக வந்த இடத்தில் நீர்மட்டம் தங்கிவிட்டது. மலை வெடித்த கதைதான் நம் கண்ணைப் பறிக்கிறது; ஏரியை ஏரியாக வைத்திருப்பதோ ஓசையில்லாத இந்தக் கணக்கு. அதைப் போட்ட அதே கை நம் கரையிலும் போட்டிருக்கிறது. புத்தளத்துத் தில்லையடியில் குடியிருக்கும் நமக்கு அதைப் படிக்கக் கப்பலேற வேண்டியதில்லை.

இலங்கையில் எரிமலை இல்லை. நம் மண்ணுக்கடியில் இருப்பது வேறொரு வரலாறு. புத்தளத்துக்குக் கிழக்கே தப்போவப் பக்கத்தில், ஜுராசிக் காலத்துச் சேறு இறுகிக் கல்லாகிக் கிடக்கிறது. அந்தக் கல்லின் ஏட்டுக்குள் அன்றைய பன்னங்களின் இலைத்தடம் நரம்பு நரம்பாகப் பதிந்திருக்கிறது. வடக்கே அருவக்காட்டுப் பக்கம் போனால், மயோசீன் காலத்துக் கடலில் வாழ்ந்து மடிந்த சிப்பிகளும் நுண்ணுயிர்களும் படிந்து படிந்து சுண்ணக்கல்லானதைக் காணலாம். அந்தச் சுண்ணப்படுகை இங்கிருந்து மன்னாரையும் தாண்டி யாழ்ப்பாணம்வரை நீள்கிறது. அந்தக் கல்லைச் சுட்டுச் செய்து நம் வீட்டுச் சுவரில் பூசிய சீமெந்தில் அந்தப் பழங்கடலின் சிப்பிகள் கலந்திருக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மூச்சுவிட்ட உயிர்களின் ஓடுகள் சூழ்ந்து காக்கும் வீட்டுக்குள்தான் நாம் பாய் விரித்துப் படுக்கிறோம். ஒருநாளும் அதை நினைத்துப் பார்த்ததில்லை.

இந்தச் சுண்ணப்படுகையின் மேல், புத்தளம் நகருக்கு வடக்கே, எழுவன்குளத்துக்கு அப்பால் விரிகிறது வில்பத்து. 1905இல் சரணாலயமாகி, 1938இல் தேசிய பூங்காவானது. ஆயிரத்து முந்நூறு சதுர கிலோமீற்றருக்கும் மேல் பரந்த, இலங்கையின் மிகப் பெரிய தேசிய பூங்கா. பாலையும் வீரையும் நெருங்கி நிற்கும் வறண்ட காட்டினூடே மணற்பாதை வளைந்து வளைந்து போகும். நெடுநேரம் இலையும் நிழலும் தவிர வேறெதுவும் தெரியாது. பிறகு மரங்கள் சட்டென்று விலகும். வானம் இறங்கி வந்து தரையில் படுத்திருக்கும். அதுதான் வில்லு.

அதற்கு அணைக்கட்டு இல்லை, மதகு இல்லை, கட்டியவன் பெயரைச் சொல்லும் கல்வெட்டும் இல்லை. மணல் விளிம்பு கட்டிய இயற்கைப் பள்ளம். தாம்பாளத்தில் நீர் நிற்பதைப்போல மழைநீர் அகலமாக, ஆழமில்லாமல் அதில் நிற்கும். வில்லுகளும் குளங்களுமாக இந்தக் காட்டில் ஏறத்தாழ அறுபது நீர்நிலைகள் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றில் மான் குடிக்கும் நன்னீர். ஒன்றிரண்டில் மட்டும் உவர்நீர். ஒரே காடு, ஒரே மழை, ஒரே வெயில். ஆனாலும் ஒன்றின் சுவை இன்னொன்றுக்கு இல்லை. ஒன்றில் வாழும் பூச்சி இன்னொன்றில் வாழாது.

மாரி பிறந்து வாடை வீசும் மாதங்களில் வில்லுகள் நிறையும். விளிம்பு கடந்து புற்றரையில் ஏறும்; சில இடங்களில் ஒரு வில்லு அடுத்த வில்லைத் தொடும். கோடையில் அதே நீர் நாளுக்கு நாள் பின்வாங்கும். நீர் வற்றிப்போகிறதே என்று நாம் கவலைப்படுவோம். ஆனால் அது விலகிய இடத்திலெல்லாம் பசும்புல் முளைக்கும். மான் கூட்டம் அந்தப் பசுமையைத் தொடர்ந்து ஒவ்வோர் அடியாக உள்ளே வரும். நீர் குறுகக் குறுக மீனும் நத்தையும் ஓரிடத்தில் திரளும். நாரைகளுக்கு அதுவே விருந்துக்காலம். காட்டுக்குள் பாலைப்பழம் பழுத்து உதிர்வதும் அந்த வறண்ட மாதங்களில்தான். வில்லு சுருங்கும் வேளையில் கரடி பாலை மரத்தில் ஏறிப் பசியாறுகிறது. ஒரு கதவு மெல்லச் சாத்தும்போது இன்னொரு கதவைத் திறந்துவைக்கும் இந்த ஏற்பாட்டை எந்த அலுவலகமும் திட்டமிடவில்லை, எந்தக் கூட்டத்திலும் தீர்மானம் போடவில்லை.

அங்கே நிற்கும் நத்தைகுத்தி நாரையின் அலகைக் கொஞ்சம் கவனியுங்கள். மேலலகும் கீழலகும் நுனியில் சேர்கின்றன. நடுவில் மட்டும் ஒளி ஊடுருவும்படி ஓர் இடைவெளி. குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி இல்லை. அலகு நேராகத்தான் இருக்கும். வளர வளரத்தான் அது மெல்ல விரிகிறது. நீருக்குள் தலையைவிட்டு நத்தையைப் பிடித்து, ஓட்டின் வாய்க்குள் கூரிய கீழலகு நுனியைச் செலுத்தி, ஓட்டை நொறுக்காமலே உள்ளிருக்கும் தசையை அது உருவி எடுக்கிறது. நத்தையின் ஓட்டைச் சுருளாகச் சுற்றியவனே இந்த அலகையும் செதுக்கியிருக்கிறான். ஒன்றுக்குக் காவலும் மற்றதற்கு உணவும் அளந்தவனுடைய கணக்கில் இரண்டும் அழியவில்லை.

1988 டிசம்பரில் போர் காரணமாக வில்பத்து மூடப்பட்டது. 2003இல் மறுபடி திறக்கும்வரை சுற்றுலாப் பயணிகளின் ஜீப் அங்கே போகவில்லை, புகைப்படக்காரர் எவரும் கரையில் காத்திருக்கவில்லை. அந்த ஆண்டுகளிலும் மாரிதோறும் மழை இறங்கியது, வில்லுகள் நிறைந்தன, நாரைகள் வந்தன. அழகு என்றால் நம் கண்ணுக்காகப் படைக்கப்பட்டது என்று எண்ணிக்கொள்ளும் நமக்கு இது சிறிய அறிவுரை அன்று. பார்க்க ஆளில்லாத நாளிலும் வில்லு முழுமையாகவே இருந்தது. நாம் பார்க்கப் போகும்போது அதற்கு எதையும் கூட்டுவதில்லை. பார்க்கும் பேறு நமக்குத்தான் கிடைக்கிறது.

வில்பத்தின் தெற்கு எல்லையாக ஓடிவருகிறது கலா ஓயா. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டுவித்த கலாவாவியைக் கடந்து, எத்தனையோ வயல்களுக்கு நீர் கொடுத்து, கடைசியில் புத்தளம் களப்பில் வந்து கலக்கிறது. அதற்குத் தெற்கே மீ ஓயா வந்து சேர்கிறது. களப்பின் பரப்பு ஏறக்குறைய 32,700 ஹெக்டேயர். இவ்வளவு அகலமான நீருக்கு ஆழமோ ஒன்றிலிருந்து ஐந்து மீற்றர்தான். பல இடங்களில் ஓர் ஆள் நின்றால் தலை வெளியே தெரியும். ஆழமில்லாததை அற்பம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். களப்பின் வளம் முழுவதும் அந்த ஆழமின்மையில்தான் இருக்கிறது. ஆழம் குறைவு என்பதால் வெயில் அடித்தரைவரை இறங்குகிறது. வெயில் இறங்குவதால் அடியில் கடற்புல் முளைக்கிறது. புல் இருப்பதால் றால் குஞ்சுக்கும் ஓரா மீனுக்கும் ஒளியவும் மேயவும் இடம் கிடைக்கிறது. நம் சட்டியில் கொதிக்கும் மீன்குழம்பு இந்தப் புல்வெளியில்தான் தொடங்குகிறது.

கடற்புல் பாசி அன்று. வேரும் தண்டும் இலையும் உடைய, பூத்துக் காய்க்கும் தாவரம். நீண்ட பட்டை இலைகளையுடைய ஒருவகைக் கடற்புல்லில் பெண்பூ ஒரு காம்பின் நுனியில் நீர்மட்டம்வரை எழுந்து இதழ் விரித்திருக்கும். அரிசிமணியிலும் சிறிய வெண்ணிற ஆண்பூக்கள் அடியில் கழன்று, மேலே மிதந்து, காற்றிலும் நீரோட்டத்திலும் அலைந்து அதைத் தேடிச் சேரும். வற்றுப்பெருக்கின் நேரமறிந்து இது நடக்கிறது. வள்ளத்தில் போகும் நாம் நுரை என்று நினைத்து அதைத் துடுப்பால் விலக்கிவிட்டுப் போகிறோம். அந்த வெண்பொடி ஒரு நீரடிக் காட்டின் திருமண ஊர்வலம்.

களப்பின் ஓரங்களில் நிற்கும் கண்டலும் கண்ணாவும் இன்னொரு பாடம் நடத்துகின்றன. உவர்ச்சேற்றில் மற்ற மரங்கள் மூச்சுத்திணறிச் செத்துப்போகும். கண்ணா மரமோ சேற்றுக்கு மேலே விரல் பருமனில் நூற்றுக்கணக்கான மூச்சு வேர்களை நீட்டிக் காற்றை உறிஞ்சுகிறது. வேர் தடுத்தும் உள்ளே வந்துவிட்ட உப்பை இலை வழியாக வெளியேற்றுகிறது. வெயிலேறிய நேரத்தில் ஓர் இலையை நாக்கில் வைத்துப் பார்த்தால் உவர்க்கும். கண்டலோ தன் விதையைச் சேற்றில் உதிர்ப்பதில்லை. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிடச் செய்து, நீண்ட பச்சைக் கன்றாக்கி, தன் காலில் நிற்கும் பக்குவம் வந்தபின்னரே கீழே விடுகிறது. கரையேறிய பக்கத்தில் தில்லை நிற்கும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை மங்கும் என்று விறகு வெட்டுவோர் விலகிப் போவார்கள். ஆனால் அது பூக்கும் காலத்தில் தேனீக்கள் மொய்க்கின்றன. உதிர்வதற்கு முன் அதன் இலைகள் செம்மையேறி ஒளிர்கின்றன. நஞ்சும் தேனும் ஒரு மரத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன, இரண்டும் அததன் அளவில்.

நீர் வற்றிய சேற்றுத்திட்டில் குனிந்து பாருங்கள். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதாக வளர்ந்த ஆண் நண்டு, சிறிய கொடுக்கால் சேற்றை வாய்க்கு எடுத்துச் சென்றுகொண்டே இருக்கும். உணவை மட்டும் பிரித்து உண்டு, மிச்சத்தைச் சின்னஞ்சிறு உருண்டையாக்கி வளையைச் சுற்றி வைக்கும். எடுத்த சேறு எடுத்த இடத்துக்கே திரும்பி வருகிறது. நாளைய நீர்ப்பெருக்கு அதைக் கரைத்துப் புதிதாக்கும். அதே திட்டில் ஓடித் திரியும் கொசு உள்ளானின் எடை முப்பது கிராமுக்குக் கூடுதல் குறைவாகத்தான் இருக்கும். ஒரு தேக்கரண்டி சீனியோடு சில காசுகளை வைத்தால் அந்த எடை வந்துவிடும். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளிகளில். பனி இறங்குமுன் புறப்பட்டு, மலைகளையும் பாலைகளையும் தாண்டி, இந்தச் சேற்றை நம்பி வருகிறது. இத்தனை பெரிய உலகத்தில் இத்தனை சிறிய ஓர் உயிர் தன் பங்கு உணவு எந்தக் கரையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று அறிந்திருக்கிறது. நமக்கோ அடுத்த மாதச் செலவை நினைத்தாலே உறக்கம் போய்விடுகிறது.

களப்பின் கடல்வாய் வடக்கே இருக்கிறது. ஆகவே வறண்ட மாதங்களில் தெற்கே வர வர உவர்ப்பு ஏறும். புத்தளத்திலும் பாலாவியிலும் உப்பளங்கள் பரந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. எல்லாம் கலந்து, கண்ணுக்குத் தெரியாமல். பாத்தி பாத்தியாக வெயில் அதைச் சுண்டவைக்கும்போது முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம் படியும். பத்தில் ஒன்பது பங்கு நீர் போனபின்பே நாம் உண்ணும் உப்பு பூக்கும். கசப்பான மக்னீசிய உப்புகள் கடைசிவரை நீரிலேயே நின்றுவிடும். உப்பளத் தொழிலாளி அந்தக் கசப்பு படியுமுன் நீரை வடித்துவிடுகிறார். வரிசை ஒருநாளும் மாறுவதில்லை. ஒரு பரலை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: ஆறு பக்கமும் சதுரம், சில பரல்களில் நடுவே படிப்படியாக இறங்கும் சிறு குழி. அளவுகோல் பிடித்த கை எதுவும் அங்கே தெரியாது.

உப்பு முற்றும் பாத்திகளில் நீர் இளஞ்சிவப்பாகும். பெரும்பாலான உயிர்கள் தாங்காத உவர்ப்பிலும் தாங்கி வாழும் நுண்ணுயிர்கள் ஏற்றும் நிறம் அது. இந்தியாவின் மகாராட்டிரத்தில், எரிமலைக் குழம்பு உறைந்த தக்காணப் பாறையில் விண்கல் விழுந்து உண்டான லோணார் ஏரி 2020 ஜூன் மாதத்தில் இளஞ்சிவப்பானபோது அந்த நாடே வியந்து பார்த்தது. அங்கும் அத்தகைய நுண்ணுயிர்களின் வேலைதான் அது. விண்ணிலிருந்து கல் விழுந்த இடத்திலும், நம் ஊர்த் தொழிலாளி மண்வெட்டியால் வரப்புக் கட்டிய இடத்திலும் உயிர் ஒரே வண்ணத்தால் தன் இருப்பை எழுதுகிறது.

இந்தக் கரை பல மனிதரைக் கண்டிருக்கிறது. 1344இல் இப்னு பதூதா இங்கே வந்து இறங்கியபோது, ஆற்றுவெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்ததைக் கண்டு எழுதிவைத்தார். ஒல்லாந்தர் கொழும்பிலிருந்து புத்தளம்வரை வாய்க்கால் வெட்டிப் படகு விட்டனர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பல, மன்னார்க் கரையிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தன. தில்லையடியிலும் ஆலங்குடாவிலும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. கையில் எதுவுமின்றி வந்தவர்களுக்கும் முன்பிருந்தே வாழ்ந்தவர்களுக்கும் களப்பு ஒரே மாதிரி மீன் கொடுத்தது. உன் ஊர் எது என்று அது கேட்கவில்லை. அந்தக் கொடையில் உண்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று தாமே பெற்றோராகிவிட்டார்கள்.

கொடுக்கும் கைக்கும் ஓர் எல்லை உண்டு. 1980களிலிருந்து இந்த மாவட்டத்தின் கரையோரங்களில் றால் பண்ணைகளுக்காகக் கண்டல்காடுகள் வெட்டப்பட்டன. 1990களில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து பண்ணைகளை வாட்டியது. பல தொட்டிகள் கைவிடப்பட்டு வெறும் பள்ளங்களாக நின்றன. மரம் இருந்தபோது றால் தானாக வந்து வளர்ந்த இடம் அது. அளவுக்கு மேல் எடுக்க நினைத்த நாளில் அளவாகக் கிடைத்ததும் நின்றுபோனது. வெட்டிய இடத்தில் இன்று சிலர் கண்டல் கன்று நடுகிறார்கள். முட்டியளவு சேற்றில் நின்று ஒரு கன்றை ஊன்றும் அந்தக் கைகளைப் படைத்தவன் நிச்சயம் காண்கிறான்.

போயா விடுமுறைக்கும் பெருநாள் விடுமுறைக்கும் நாம் குடும்பத்தோடு வெளியே போகிறோம். வில்பத்துக்குப் போகலாம், கங்கேவாடியில் படகேறிக் கண்டல் நிழலுக்குள் நுழையலாம், கற்பிட்டிக் கடலில் ஓங்கில்கள் துள்ளுவதைப் பார்க்கலாம். போகத்தான் வேண்டும். தன் வீட்டுக்கு அருகில் என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்று பாராமல் இருப்பதும் ஒரு நன்றிகேடு. ஆனால் வில்லின் கரையில் பாட்டுப்பெட்டியை அணைத்துவைப்போம். ஜீப்பைச் சிறுத்தையின் பின்னே விரட்டச் சொல்லாதிருப்போம். கொண்டுபோன போத்தலையும் பொலித்தீனையும் வீட்டுக்கே திருப்பிக்கொண்டு வருவோம். பிள்ளைகளுக்கு யானையைக் காட்டுவதோடு நின்றுவிடாமல், நண்டு உருட்டிவைத்த மண்ணுருண்டையையும் குனிந்து காட்டுவோம். பெரியதைக் கண்டு வியக்க யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. சிறியதன் முன் நின்று வியக்கத்தான் பயிற்சி தேவை.

வில்லு தன் விளிம்பை அறிந்திருக்கிறது, நண்டு தன் வயிற்றை அறிந்திருக்கிறது, உப்பு தன் முறை வரும்வரை நீருக்குள் காத்திருக்கிறது. தன் அளவை மீறும் உரிமை படைப்பில் நமக்கு மட்டுமே கொடுக்கப்பட்டிருக்கிறது. மீறாதிருக்கும் அறிவும் கூடவே கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த அறிவைப் பயன்படுத்தி, தேவைக்கு எடுத்து, மிச்சத்தை அடுத்து வரும் உயிருக்கு விட்டுவைப்பதே இந்தக் கரையில் வாழக் கொடுத்தவனுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி.